பால்கட்டிக்கு நாலு கத்தி

கல்யாணமான வருஷத்திலிருந்தே சம்மட்டி என் கையில்தான். கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலை ரோடு தொடங்கும் இடத்தில் எங்கள் பட்டறை. பழுக்கக் காய்ச்சிய பழைய லாரி வில் பட்டையை என் வீட்டுக்காரர் குறட்டில் பிடிப்பார், நான் ஓங்கி அடிப்பேன். காப்பித் தோட்டத்துக்கு அரிவாள், வெட்டுக்கத்தி என்று நாள் முழுக்க அதே வேலை. எழுபதுகள் முடிவதற்குள் என் வலது தோள் போய்விட்டது. தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாது. ஆள் வையுங்கள் என்றால், "பெரிய ஆர்டரா ஒண்ணு வரட்டும், அன்னிக்கே வெச்சர்றேன்" என்பார். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் காலம் தள்ளினேன்.

அப்படி ஒரு ஆர்டர் வரவும் வந்தது. மலைமேல் இருக்கும் பங்களாக்களுக்குச் சாமான் கொடுக்கும் சேலத்துப் பாத்திரக் கடைக்காரர் ஒருவர், மாதிரிக்கு நாலு சீமைக் கத்திகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். எல்லாம் சீஸ் என்கிற பால்கட்டியைப் பரிமாறவாம். கெட்டியானதை வெட்ட ஒன்று. பிசுபிசுவென்று இருப்பது கத்தியில் ஒட்டாமலிருக்க அலகில் ஓட்டை போட்டது ஒன்று. வெட்டிய துண்டைக் குத்தி எடுக்க நுனி பிளந்தது ஒன்று. நாலாவது, வெண்ணெய் மாதிரி இளகினதை ரொட்டியில் தடவ. அடக் கடவுளே! எங்கள் வீட்டில் மீனுக்கும் பூசணிக்கும் ஒரே அரிவாள்மனைதான்.

வீட்டுக்காரர் இரும்பு வாங்கப் போயிருந்ததால் கடைக்காரர் விவரமெல்லாம் என்னிடம்தான் சொன்னார். "இந்தத் தடவுற கத்திக்கு மட்டும் கூரே இருக்கக் கூடாது அம்மிணி. மொதல்ல ஒரு பெட்டி செஞ்சு குடுங்க. புடிச்சுப்போச்சுன்னா அத்தன பங்களாவுக்கும் உங்க பட்டறைதான்."

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். சிரித்தார். "கூரில்லாத கத்திய எம் பட்டறையில இருந்து அனுப்பறதா? கரண்டி வாங்கிக்கச் சொல்லு." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வேலை முடிந்த அன்று சாயங்காலம் நாலாவதையும் சாணைக்கல்லில் வைத்துத் தீட்டினார். வழக்கம்போல முன்கையில் ஒரு இழுப்பு இழுத்து, மயிர் வழித்துக்கொண்டு வந்ததும் தலையாட்டிக்கொண்டார்.

"ஏனுங்க, அதுக்கு வேண்டாம்னு சொன்னாங்கல்ல?"

"நீ சும்மா இரு புள்ள."

அதற்கு மேல் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. விடிந்ததிலிருந்து அடித்த கை. போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டதற்கு இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

மறுநாள் பெட்டியை வாங்கிக்கொண்டு போன கடைக்காரர், பத்து நாள் கழித்து அதே பெட்டியோடு திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. பங்களா விருந்தில் ஒரு அம்மாள் ரொட்டியை உள்ளங்கையில் வைத்துத் தடவினாராம். கத்தி ரொட்டியைத் தாண்டிக் கையில் இறங்கி, தையல் போடும்படி ஆகிவிட்டதாம். "இனி உங்க சங்காத்தமே வேண்டாமுங்க" என்று பெட்டியை வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் அந்தக் கத்தியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப கூரு நல்லாத்தான இருந்திருக்குது?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது. அவருடைய கத்திக்குக் கூர் இல்லை என்று ஊரில் ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது. என் தோளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை.

மறுநாள் காலையில் உலை மூட்டினார். சம்மட்டியைத் தூக்கினேன். பாதியிலேயே கை நின்றுவிட்டது.

"வலிக்குதா புள்ள?" என்றார். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

"இரும்பு ஆறுது, புடிங்க" என்றேன்.