தகவலாளி கன்னியம்மா

'கன்னியம்மா செம்பாக்கம் ஏரிக்கரை முனையில் வந்து உட்கார்ந்து ஒரு குரல் கொடுத்தால், மேடவாக்கம் வரைக்கும் பூனைகள் எழுந்து முகம் கழுவிக்கொள்ளும். அவர் கையில் எடுத்தால் சங்கரா மீன் வெட்கப்பட்டுத் தானே செதிலை உதிர்த்துவிடும். வங்கக் கடலில் எந்த மீன் எந்த வீட்டுக் குழம்புக்குப் போக வேண்டும் என்பது அவரைக் கேட்டுத்தான் முடிவாகிறது.'

சமூகவியல் இரண்டாம் ஆண்டு மாணவன் தனசேகர் தன் கேஸ் ஸ்டடியை இப்படித்தான் ஆரம்பித்திருந்தான். சமூகவியல் என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று மனப்பூர்வமாக நம்பினான். நம்புவதற்கு வசதியாக, பாடப்புத்தகத்தை அவன் அதுவரை திறந்ததில்லை.

அவன் சமூகவியலுக்கு வந்ததே ஃபேன் காற்றுக்காக. 2005 ஜூனில் தாம்பரத்துக் கல்லூரியில் பி.காம். வரிசை வெயிலில் நின்றது. சமூகவியல் வரிசை உள்ளே, ஃபேனுக்கு அடியில். பனையூர்க் குப்பத்துக்குத் திரும்பிப் போய், "சோசியாலஜி கெடச்சிருக்கு" என்றான். அப்பா பூவராகன் போட்டில் மீனுக்குப் போகிறவர். "படிச்சா டாக்டராடா?" என்று கேட்டார். "கிட்டத்தட்ட" என்று சொல்லி வைத்தான். அன்றிலிருந்து அவருக்குத் தலைவலி வந்தால் மாத்திரை இவன்தான் எழுதித் தர வேண்டியிருக்கிறது.

இரண்டாம் வருடம் ஏசுபாதம் சார் ஒரு வேலை கொடுத்தார். தெருவில் உழைத்துப் பிழைக்கிற யாராவது ஒருவரைத் தேடிப் பிடித்து, பத்து நாள் கூடவே இருந்து, கேள்வி கேட்டு, அவர் வாழ்க்கையை எழுத வேண்டும். அப்படிப் பதில் சொல்கிறவருக்குத் தகவலாளி என்று பெயர். "சொந்தக்காரங்க கூடாது. முன்பின் தெரியாத ஆளா இருக்கணும். உக்காந்த எடத்துல கதை விட்டா இன்டர்னல் மார்க் பூஜ்யம். அடுத்த வருஷம் இதே பெஞ்சுல இதே மூஞ்சிய நான் பாக்க வேண்டியிருக்கும்" என்றார் சார். கடைசி வாக்கியத்தை தனசேகரைப் பார்த்துச் சொன்னார்.

ஒன்பது நாள் அவன் களப்பணிக்குப் போனான். களம் என்றால் ஏரியின் வற்றிய பக்கம். பணி என்றால் கிரிக்கெட். பத்தாம் நாள் சாயங்காலம்தான், தனக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு மீன்காரி இருப்பது அவன் ஞாபகத்துக்கு வந்தது. அவன் அம்மா.

சொந்தக்காரர் கூடாது என்பது சின்ன இடைஞ்சல்தான். முதல் பக்கப் படிவத்தில் 'ஆய்வாளருக்கு உறவு' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினான். அம்மாவுக்கு உறவில்லாதவன் மகனாக எப்படி இருக்க முடியும்? 'பிள்ளைகள்' என்ற இடத்திலும் 'இல்லை' போட்டான். ஒரே சொல்லில் தன்னைத் தானே காலி பண்ணிக்கொண்ட ஆய்வாளன் உலகத்தில் இவனாகத்தான் இருப்பான். அடுத்தது கணவர். சோடா குடித்தாலே கண்கலங்குகிற பூவராகனை வைத்து மார்க் வாங்க முடியாது. அதனால் அவரைத் தினமும் குடிக்க வைத்து, வீட்டுக்கு வந்து அடிக்க வைத்தான்.

வகுப்பில் சார் அதை உரக்கப் படித்தார். பூனை வந்த இடத்தில் சிரித்தார்கள், அடி விழுந்த இடத்தில் உச்சுக் கொட்டினார்கள். முன்பெஞ்சு ஜெயஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தனசேகருக்கே தொண்டை அடைத்தது. யாருடைய கஷ்டமோ என்று இருந்தது. சார் நோட்டை மூடினார்.

"வியாழக்கிழமை இந்தம்மாவ நேர்ல பாக்கப் போறேன். நீயும் வர்ற."

தொண்டை உடனே திறந்துகொண்டது.

புதன்கிழமை சாயங்காலம் அம்மா அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினான்.

"ம்மா, நாளைக்கு எங்க சார் ஒன்னாண்ட வருவாரு. என்ன யாருன்னே தெரியாத மாதிரி இருக்கணும்."

"ஏன், இன்னாத்த திருடின?"

"ஒண்ணும் இல்லம்மா. நீ என் தகவலாளி."

"அப்டின்னா? போலீசுக்குத் துப்பு குடுக்கறவளா?"

"ஆய்வுல கேக்கற கேள்விக்குப் பதில் சொல்றவங்க."

"நீ இன்னாடா கேட்ட என்னாண்ட? சோறு கீதான்னு கேப்ப. அத்தவிட்டா வேற இன்னா கேட்டுக்கீற?"

இதற்குப் பாடத்தில் பதில் இருந்திருக்கலாம். அவன் படிக்கவில்லை.

"மாட்டிக்கினா ஒரு வருஷம் போயிடும்மா" என்றான்.

கன்னியம்மா கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "சரி. எத்தினி மணிலேருந்து தெரியாம இருக்கணும்?"

'பதினோரு மணி' என்று மட்டும் சொன்னான். நோட்டுக்குள்ளே என்ன எழுதியிருக்கிறான் என்று சொல்லவில்லை. ஊரையே ஏய்க்கிற துணிச்சல் அவனுக்கு உண்டு. அதைச் சொல்கிற அளவுக்குக் கிடையாது.

வியாழக்கிழமை சாரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனான். ஏரிக்கரை முனையில், மருந்துக்கடைக்குப் பக்கத்தில், புங்கமரத்து நிழலில், கன்னியம்மா அருவாமனையோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க சார். சங்கரா கீது, நெத்திலி கீது, எல்லாம் காலைல வந்தது." பிறகு தனசேகரை, எலக்ட்ரிக் கம்பத்தைப் பார்ப்பது போல மேலிருந்து கீழே பார்த்தாள். "தம்பி யாரு சார், ஒங்க புள்ளையா?"

நடிப்பு பிரமாதமாக இருந்தது. அவனுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

சார் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, நோட்டைப் பிரித்து, குரலைத் தாழ்த்தினார். "ஒங்க வீட்டுக்காரர் தெனமும் குடிச்சிட்டு வந்து அடிப்பாராமேம்மா."

கன்னியம்மாவின் கை நின்றது. கம்பமாக நின்ற மகனை ஒருமுறை பார்த்தாள்.

"ஆமா சார். அடின்னா அடி, அப்டி ஒரு அடி. நேத்துகூட." முந்தானையை இழுத்து ஒரு காயமும் இல்லாத தோளை மூடிக்கொண்டாள். "அந்த ஆளுக்கு அவ்ளோ வீரம் கீதுன்னு வெளில பாத்தா தெரியாது சார்."

தனசேகர் மூச்சு விட்டான். பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது என்று நினைத்தான்.

"பாவம், கொழந்தைங்களும் இல்ல" என்றார் சார்.

கன்னியம்மா கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். இந்த முறை கம்பத்தைப் பார்க்கவில்லை.

"யாரு சார் சொன்னது?"

"இவன்தான் எழுதியிருக்கான்."

"புருசன் அடிக்கறாருன்னு எழுதிக்கட்டும், சார். அவருக்கு அதனால ஒண்ணும் ஆவாது. புள்ள இல்லன்னு எதுக்கு எழுதணும்? ஒருத்தன் கீறான் எனக்கு."

சார் பேனாவைத் தனசேகரிடம் நீட்டினார். "எழுதிக்கோ."

எழுதினான். வேறு வழி?

"காலேஜிக்குத்தான் போறான் சார். இன்னா படிக்கறான்னு அவனுக்கே தெரியாது. வாயத் தொறந்தா பொய்யி. காலைல இந்தக் கூடைய அவன்தான் ஷேர் ஆட்டோல ஏத்துவான். கூட்டமா இருந்தா, கூடைக்கி எடத்த வுட்டுட்டு அவன் எறங்கிக்குவான். கேட்டா, பின்னாடியே பிரண்டு வண்டில வரான்னுவான். எந்தப் பிரண்டும் வராது. நடந்து போயி பஸ்ஸு புடிப்பான். கை கவுச்சியடிச்சா காலேஜில சிரிப்பாங்கல்ல? ஆனா என் கண்ணெதிர்ல கைய கழுவ மாட்டான். ஆட்டோ திரும்பற வரிக்கும் சும்மா நிப்பான். அப்பறந்தான் கழுவுவான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறான்."

தனசேகரின் எழுத்து கோணிக்கொண்டு போனது. 'கழுவுவான்' என்ற சொல்லுக்கு எந்த ழ என்று ஒரு கணம் யோசித்தான்.

சார் நோட்டைப் பார்க்கவில்லை. எழுதுகிற கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில், சட்டை விளிம்புக்குக் கீழே, ஒரு மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. இன்றைக்கு ஸ்கூட்டரைப் பிடிக்கிற அவசரத்தில் சரியாகக் கழுவவில்லை.

"கடைசியா ஒண்ணும்மா" என்றார் சார் சாவகாசமாக. "இந்தப் பையன ஒங்களுக்கு இதுக்கு முன்னாடி தெரியுமா?"

கன்னியம்மா மீனைத் திரும்ப எடுத்து அருவாமனையில் வைத்தாள்.

"இவனா? தெரியாது சார். பத்தொம்போது வருசமா சோறு போட்டுக்கினு கீறேன். இன்னும் தெரில."