வஞ்சிரமா, ஷீலாவா: ஆரணிக்கு மன்னிப்புக் கேட்கப் போன கதை

பட்டுப் புடவை எடுக்கத்தான் ஆரணிக்குப் போவார்கள். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். போன ஐப்பசியில், மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. காரணம், போனில் நான் சொன்ன ஒரே ஒரு சொல்.

சென்னையில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. மீன் துண்டைக் கொடுத்தால் டிஎன்ஏ பார்த்து அது என்ன மீன் என்று சொல்வோம். தலையையும் தோலையும் எடுத்துவிட்டால் பல மீன்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். மலிவானதை விலை கூடியதன் பெயரில் விற்பது சுலபம். துண்டிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, ஒரு மரபணுப் பகுதியை மட்டும் படித்து, ஏற்கெனவே அடையாளம் தெரிந்த மீன்களோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். எண்ணெயில் பொரித்த மீனில் டிஎன்ஏ நொறுங்கிப்போயிருக்கும். ஆனாலும் படிக்க ஒரு சின்னப் பகுதி மிஞ்சினால் போதும்.

ஆரணியிலிருந்து வந்ததும் பொரித்த துண்டுதான். பிளாஸ்டிக் டப்பா, சுற்றிலும் ஐஸ், அதற்கு வெளியே கல்யாணப் புடவை வைக்கும் அட்டைப்பெட்டி, மேலே அரக்கு முத்திரை. அனுப்பியவர்கள் இரண்டு பேர்: மெஸ் நடத்தும் ஏகாம்பரம், பட்டு வியாபாரி தனபால். தனபால் மகனுடைய கல்யாணம் முடிந்து வைத்த கறி விருந்தில் ஏகாம்பரம்தான் மீன் வறுத்தார். வஞ்சிரம் என்று சொல்லி ஷீலாவைப் போட்டுவிட்டார் என்று தனபால் பந்தியிலேயே சத்தம் போட்டுவிட்டார். பட்டு நூலைக் கொளுத்தி மோந்து பார்த்தே அசலா போலியா என்று சொல்லிப் பழகியவர், மீன் முள்ளையும் தீக்குச்சியில் கொளுத்தி மோந்திருக்கிறார். வாசனை சரியில்லை என்பது தீர்ப்பு. அன்றிலிருந்து ஏகாம்பரம் மெஸ்ஸில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

முடிவு கேட்டு ஏகாம்பரம் போன் செய்தார். நான் உற்சாகமாகச் சொன்னேன்: "சந்தேகமே வேண்டாம் அண்ணாச்சி, அசல் சீலா."

நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் பக்கம் சீலா என்றால் வஞ்சிரம். சென்னை, ஆரணிப் பக்கம் ஷீலா என்றால் அது வேறு மீன், விலையும் மட்டம், நாங்கள் அதை ஊளி என்போம். அவர் போனை வைத்துவிட்டார். சந்தோஷத்தில் ஊருக்குச் சொல்ல ஓடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் கழித்து, ஆரணிக்காரியான என் சக ஊழியர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. மெஸ் போர்டில் 'வஞ்சிரம்' என்ற சொல்லின்மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டாராம். மாதம் முடிந்ததும் மெஸ்ஸை மூடிவிட்டு, ஆரணி பக்கத்துச் சேத்துப்பட்டில் மாமனார் நிலத்தைப் பார்க்கப் போகிறாராம். போனிலேயே திருத்தியிருக்கலாமே என்பீர்கள். என் எண்ணைப் பார்த்ததும் மனிதர் கட் செய்துவிட்டார்.

கோயம்பேட்டில் காலை 6.10க்குப் பஸ். ஆற்காடு வழி, சுமார் 140 கிலோமீட்டர், டிக்கெட் 145 ரூபாய். ஆற்காட்டில் பதினைந்து நிமிடம் நிறுத்தினார்கள். அங்கே குடித்த டீயைப் பற்றி உண்மையை எழுதினால் என்மேல் வழக்குப் போடுவார்கள். ஆரணி சேர்ந்தபோது 9.50. ஆட்டோக்காரரிடம் ஏகாம்பரம் மெஸ் என்றேன்.

"ஷீலா ஏகாம்பரமா? அங்க இப்போ மீனு கெடையாதுங்க, தயிர்சாதம்தான்" என்றார். அறுபது ரூபாய் வாங்கினார். நடந்தே போகக்கூடிய தூரம் என்று திரும்பும்போதுதான் தெரிந்தது.

ஏகாம்பரம் என்னை அடிக்கவில்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், சீலா, ஷீலா விளக்கம் முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாக, "எங்கிட்ட சொல்லி இன்னாங்க ஆவப்போவுது? தனபாலு அவரு வாயால சொல்லணும்" என்றார்.

தனபால் கடைக்கு நடந்தோம். நான் கொண்டுபோயிருந்த ஆய்வக அறிக்கையை அவர் இரண்டு முறை படித்தார். மீனின் லத்தீன் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர் ஆள் என்று கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு ஷீலான்னீங்க, இன்னிக்கு வஞ்சிரம்னு வந்து நிக்கிறீங்க. ஒரே சரக்குக்கு எப்படிங்க ரெண்டு பேரு?"

அங்கே அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 'அசல் காஞ்சிபுரம்' என்று தங்க எழுத்து. காஞ்சிபுரத்திலிருந்தா வருகிறது என்று பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"இல்லீங்க, ரெண்டு தெரு தள்ளி நெய்யுறது. சென்னைக் கடைக்கு இந்தப் பேர் போட்டாதான் போவுது. பேருதாங்க வேற, சரக்கு ஒண்ணுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. ஏகாம்பரம் ரொம்ப மரியாதையாக, "அதையேதாங்க அவரும் சொல்லிகினு இருக்காரு" என்றார்.

தனபால் பெட்டியைப் பார்த்தார், அறிக்கையைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு மெஸ்ஸுக்குக் கிளம்பினார். ஏகாம்பரம் மார்க்கெட்டுக்கு ஆளனுப்பித் தலையோடு முழு வஞ்சிரமாக வரவழைத்து எல்லோர் எதிரிலும் வெட்டினார். மதியம் ஒன்றரை மணிக்கு முதல் இலையில் உட்கார்ந்த தனபால், இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "அன்னிக்குப் போட்டதும் வஞ்சிரம்தான். நாந்தான் தப்பா பேசிட்டேன்." ஏகாம்பரம் அடுப்படிக்குள் போய் அடுத்த துண்டுகளை எண்ணெயில் போட்டார்.

கை கழுவும் இடத்தில் தனபால் என் பக்கம் சாய்ந்து, இந்த டெஸ்ட் பட்டுக்கும் உண்டா என்று கேட்டார். எந்தப் பூச்சியின் பட்டு என்று பார்க்கலாம், எந்த ஊர் நெசவு என்று பார்க்க முடியாது என்றேன். முகம் தெளிந்து, திரும்பப் போய் இன்னொரு துண்டு கேட்டார்.

போகிறவர்களுக்கு: மீன் சாப்பாடு 180 ரூபாய், இரண்டரைக்குமேல் கிடைக்காது. புடவையைப் பாருங்கள், பெட்டியை அல்ல. மீனை முழுதாகப் பார்த்து வாங்குங்கள். வெளியூர் என்றால் அந்த ஊரில் அதற்கு என்ன பெயர் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். நான் திரும்பிய பஸ் மாலை 4.20.

இனி வம்பே வேண்டாம் என்று ஏகாம்பரம் புதுப் போர்டில் 'வஞ்சிரம், சீலா, நெய்மீன்' என்று அந்த மீனின் மூன்று பெயரையும் எழுதிவிட்டார். போன வாரம் கூப்பிட்டார். புடவை எடுக்க வந்த ஒரு குடும்பம் மூன்றிலும் ஒவ்வொரு வறுவல் வாங்கிச் சாப்பிட்டு, நெய்மீன்தான் ருசி, மற்ற இரண்டும் சுமார் என்று சொன்னதாம்.

"மூணும் ஒரே மீனுதாங்கன்னு உள்ளத சொன்னேங்க" என்றார் ஏகாம்பரம். "அப்போ எங்கள ஏமாத்துறியான்னு சண்டைக்கு வந்துட்டாங்க."