முதல் ஓலையில் அப்பா பெயர்

சட்டப்படி நான் ஒழுங்கான பிள்ளையாக ஆனபோது தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வருஷம் 2006. புதுச்சேரியில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பிரெஞ்சுக் காகிதங்களைத் தமிழில் பெயர்த்துக் கொடுப்பது என் வேலை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு எங்கள் ஊரில் கல்யாணம், பிள்ளை, சொத்து எல்லாமே பிரெஞ்சுச் சட்டப்படிதான். அந்தச் சட்டம் பிள்ளைகளை முறையானவர்கள், முறைக்கு வெளியே பிறந்தவர்கள் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. இனி அந்தப் பிரிவு கிடையாது, அந்தச் சொற்களையே எடுத்தாயிற்று என்று அச்சடித்த தாளை வக்கீல் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டுத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். இப்படிப்பட்டவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். முத்தியால்பேட்டையில் அவருக்கு ஒரு வீடு; அங்கே மாதா கோவிலில் தாலி கட்டிய மனைவியும் பிள்ளைகளும். மூலக்குளத்தில் இன்னொரு வீடு. அங்கே அம்மாவும் நானும். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அப்பா எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குவார். மிக்ஸி என்று அவர் வாயைத் திறந்தாலே கடைக்காரர் இரண்டு டப்பாவை எடுத்து வைப்பார். பத்திரிகை வைக்கிறவர்கள் இரண்டு வீட்டுக்கும் வருவார்கள். இரண்டு வீட்டாரும் ஒரே பந்தியில் உட்காராதபடி யாராவது பார்த்துக்கொள்வார்கள். இவ்வளவு பக்குவம் தெரிந்த ஊர், என்னைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். முறை தவறியவர் அப்பா, பட்டம் எனக்கு. இந்த நியாயம் சின்ன வயதிலேயே என் கோபத்தைக் கிளப்பியது. இன்னும் ஆறவில்லை.

அப்பா என்னைத் தன் மகள் என்று முறைப்படி எழுதிக் கொடுத்திருந்தார். அதனால் எனக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. என்னைப் போன்றவர்களுக்குச் சொத்தில் குறைந்த பங்கு என்ற விதியும் சில வருஷங்களுக்கு முன்பே போய்விட்டது. மிச்சம் இருந்தது அந்தச் சொல் மட்டும்தான். அதுவும் போய்விட்டது என்று அன்று மாலை வீட்டில் அறிவித்தேன். அம்மா சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்துவரைக்கும் நீ என்னவா இருந்தியாம்?" என்று கேட்டுவிட்டு வாலை நறுக்கினாள்.

அப்பா முகத்தில்தான் சந்தோஷம் வழிந்தது. பிரான்ஸ் தேசமே கூடித் தன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார் போலிருந்தது.

அந்த வருஷமே எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று பூசை முடிகிற நேரத்தில் சாமியார் படிப்பார். மூலக்குளத்துக்குக் குடிபோன பிறகும் அம்மா டவுன் கோவிலை விடவில்லை. அப்பாவும் அவர் மனைவியும் வருவது அதே கோவில், அதே பூசை. அவர்கள் முன்னால், நாங்கள் கடைசி பெஞ்சில். அந்தக் கோவிலில், அத்தனை பேர் காதிலும் விழும்படி, என் பெயரோடு அப்பா பெயரும் வாசிக்கப்பட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நகையிலோ புடவையிலோ நான் பிடிவாதம் பிடிக்கவில்லை.

பெயர் எழுதும்போது பங்குச் சாமியார் பேனாவைக் கீழே வைத்தார். இந்த மாதிரி இடங்களில் தாயார் பெயரை மட்டும் வாசிப்பதுதான் வழக்கம் என்றார். நான் கைப்பையிலிருந்து சட்டத் தாளை எடுத்து நீட்டினேன். அவருக்கு என்னைவிட நல்ல பிரெஞ்சு. முழுவதும் படித்தார், நல்ல சட்டம் என்று பாராட்டினார், மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் பயந்தது ரோமாபுரிக்கு இல்லை, முத்தியால்பேட்டைக்கு. பாடற்குழுவிலிருந்து தேர் அலங்காரம் வரை அந்த வீட்டு அம்மா சொன்னால்தான் நடக்கும். அந்த அம்மா சரி என்றால் வாசிப்பதாகச் சொன்னார். அதைப் போய்க் கேட்பது மட்டும் தன் வேலை இல்லை என்றும் சொன்னார்.

அப்பாவிடம் போனேன். அல்ஜீரியாவில் துப்பாக்கி தூக்கியவர், "பாக்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் அந்தப் பக்கமே பார்க்க மாட்டார் என்று அர்த்தம். நானே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்குக் கிளம்பினேன்.

அப்பாவின் மனைவியைப் பெரியம்மா என்று சொல்லத்தான் அம்மா என்னைப் பழக்கியிருந்தாள். நேரில் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் அங்கேயும் ஓடியது. எங்கள் மிக்ஸி அங்கேயும் இருந்தது. நான் சிரிப்பை அடக்குவதை அவர் கவனித்துவிட்டார்.

"உங்க வூட்ல என்ன கலரு?"

"பச்சை, பெரிம்மா."

"எனக்குப் பச்சதான் வேணும்னேன்."

நான் சட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். வக்கீல்கூட அவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டார். பெரியம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எது வாங்கினாலும் ரெண்டு ரெண்டா வாங்கினாரு," என்றார் கடைசியில். "எனக்குன்னு தனியா இருந்தது ஒண்ணுதான். முறையான பொண்டாட்டி, முறையான புள்ளைங்க. இப்ப அதையும் ரெண்டாக்கிட்டாங்க. அதுக்கு நான் சரின்னு வேற சொல்லணுமா?"

என்னைக் கீழே வைத்த சொல்லைத்தான் இத்தனை வருஷமாகப் பார்த்திருந்தேன். அதை வைத்துக்கொண்டு இன்னொருத்தி தலைநிமிர்ந்து நடந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் மேல் நான் வளர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. காபி கொடுத்தார். குடித்தேன். நான் எழுந்திருக்கும்போது, இதைக் கேட்க அப்பா ஏன் வரவில்லை என்றார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். அப்போதுதான் பெரியம்மா முதல்முறையாகச் சிரித்தார். பதில் மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாமியார் முதல் ஓலையை வாசித்தார். மாப்பிள்ளைக்கு அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். எனக்கு அம்மா மட்டும் இருந்தாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று முடித்து, சாமியார் தாளை மடித்தார்.

பெண்கள் பக்கம் முன்வரிசையில் பெரியம்மா எழுந்தார். அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். இனி இந்தக் கல்யாணம் நடந்தாற்போலத்தான் என்று நானும் நினைத்தேன்.

"தடை ஒண்ணும் இல்ல சாமி," என்றார் பெரியம்மா. "பொண்ணோட அப்பா பேரு விட்டுப்போச்சு. அவரு இங்கதான் உக்காந்திருக்காரு. நான் எதுக்குச் சொல்லணும்? அவரே எழுந்து சொல்லட்டும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். கோவிலே ஆண்கள் பக்கம் திரும்பியது. அப்பா முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். இரண்டு வீட்டாரும் ஒன்றாக இருக்கும் இடத்தில் அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"எம் பொண்ணுதான் சாமி," என்றார். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருந்தால் அதிகம்.

பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கடைசி பெஞ்சுக்குக் கேக்கல," என்றார்.

அப்பா தலையை நிமிர்த்தி, கோவில் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்.