ஊசி முறியும் என்று எழுதினாள்

மாஸ்க் அக்கா வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எங்கள் எம்ப்ராய்டரிக் கூடத்தில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. முதலாளி எல்லாருடைய பேச்சிலும் குறுக்கே விழுகிற மனிதர். அவர்கூட அக்காவிடம் மட்டும் எதிர்க்கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

சட்டைப் பையில் வரும் சீருடைச் சின்னங்களைத் தைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். முன்னறையில் கணினிகள், பின்னறையில் தையல் இயந்திரங்கள். இயந்திரம் ஓட்டுவது நான். கணினிகளைக் கட்டிக் காப்பது அக்கா. அவற்றில் இருப்பது லினக்ஸ் என்கிற இயங்குதளம். அதிலும் ரெடிமேட் சட்டை மாதிரி வாங்கி மாட்டிக்கொள்கிற ரகம் இல்லை, துணி எடுத்து உடம்புக்கு அளந்து தைக்கிற ரகம். ஒவ்வொரு மென்பொருளும் மூலநிரலாகத்தான் வரும். எங்கள் இயந்திரங்களுக்கு ஏற்றபடி இங்கேயே கம்பைல் செய்து, அதாவது ஓடுகிற நிரலாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

புது வெர்ஷன் வந்தால் அக்கா அதை முதலில் மூலையில் இருக்கும் சோதனைக் கணினியில் ஏற்றுவாள். சின்ன இயந்திரத்தில் ஒரு வெட்டுத் துணியில் தைத்துப் பார்ப்பாள். சரியாக வந்தால் மற்ற கணினிகளுக்கும் போகும். கோளாறு என்றால் மாஸ்க் போடுவாள். இந்த வெர்ஷனைத் தொடாதே என்று கோப்பில் ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் அந்த வரிக்கு மேலே காரணமும் போட்டவர் பெயரும் இருந்தாக வேண்டும். யாராவது அந்த வெர்ஷனைக் கேட்டால் கணினி கையை விரித்துவிட்டு அந்தக் காரணத்தைத் திரையில் காட்டும். போட்டவர்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் கூடத்து வழக்கம்.

அக்காவின் காரணங்களை நாங்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். ஒருமுறை அவள் மாஸ்க் போட்ட எழுத்துருத் தொகுப்பை வேறொரு கூடத்தில் ஏற்றிவிட்டு, ஒரு பள்ளியின் பெயரையே தலைகீழாகத் தைத்துக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் அவள் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தாள். நடக்கட்டுமே, சம்பாதித்த பெயர்தானே.

சின்னவளை இங்கே கூட்டிக்கொண்டு வந்ததே அக்காதான். கொழுந்தனின் மனைவி, அதாவது ஓரகத்தி. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே சமையலறை. "நல்லா வரைவா. சும்மாதான் வீட்ல இருக்கா" என்று முதலாளியிடம் அக்கா சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். சின்னவள் வந்தாள். படத்தைத் தையலாக மாற்றுகிற மென்பொருளை அக்காவே சொல்லிக் கொடுத்தாள். நாலு வரி சொன்னால் நாற்பது வரி பிடித்துக்கொள்கிற பெண். ஒரு பேருந்து நிறுவனத்துக்குப் பறவைச் சிறகு ஒன்று வரைந்தாள் பாருங்கள், நூலில் தைத்ததா இறகை ஒட்டியதா என்று தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

அங்கேதான் பிடித்தது வினை. அந்த நிறுவனத்தில்தான் அக்காவின் கணவர் ஓட்டுநர். காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையில் இருக்கிற சிறகைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நிற்பாராம். "எங்க வீட்டுச் சின்னவ போட்டது" என்று பேருந்து நிலையம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அந்தச் சட்டைக்கு இஸ்திரி போடுவது யார்? அக்கா. இத்தனை வருஷம் கணினியைக் கட்டி மேய்த்தாளே, அதைப் பற்றி அந்த மனிதர் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா? மாஸ்க் போட்ட வரியைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு போக முடியாதே.

கூடத்திலும் அதே கதைதான். முதலாளி உள்ளே நுழையும்போதே "சின்னம்மா எங்கே?" என்பார். வாடிக்கையாளர்கள் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். அக்காவிடம் பிரிண்டர் ஏன் முனகுகிறது என்று கேட்பார்கள். அக்கா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் வயிறு எரிந்தது. எனக்கே தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் வரையும் மென்பொருளில் புது வெர்ஷன் வந்தது. வளைவான இடங்களில் தையல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று பழையதில் துண்டு துண்டாகக் கையால் குறித்துக் கொடுக்க வேண்டும். புதியதில் இரண்டு ஓரக் கோடுகளைக் காட்டினால் போதும், நடுவில் தையல் தானாக வளைந்து ஓடும்.

"அக்கா, அது வந்துட்டா எனக்குப் பாதி வேல மிச்சம்" என்றாள் சின்னவள்.

"பாக்கலாம். சோதிச்சுட்டுச் சொல்றேன்."

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போயிருந்தபோது அக்கா சோதித்தாள்; பிற்பாடு அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். சிறகு கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தது. ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அதைச் சுருட்டி வெட்டுத் துணிக் கூடையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து மாஸ்க் போட்டாள். காரணம்: "வளைவில் தையல் நெருங்குகிறது. ஊசி முறியும். சோதித்துப் பார்த்தது." கீழே அவள் பெயர்.

இன்னொன்றும் செய்தாள். வழக்கமாகக் கோளாறுள்ள வெர்ஷனை மட்டும்தான் மூடுவாள், அடுத்ததில் சரிசெய்து விடுவார்கள் என்று காத்திருப்பாள். இந்தத் தடவை அதையும் அதற்கு மேல் வரப்போகிற அத்தனையையும் சேர்த்து மூடிவிட்டாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் சேர்த்துக் கோளாறு எழுதினால் யாராவது ஒருநாள் கேட்க மாட்டார்களா?

சின்னவள் திரையில் வந்த காரணத்தைப் படித்தாள். "நல்லவேள அக்கா, நீங்க பாத்தீங்க. நான் பாட்டுக்கு ஏத்தியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பழைய வெர்ஷனிலேயே குனிந்துகொண்டாள். ஒரு விமான நிறுவனத்துக்குப் பெரிய சின்னம், முழுக்க வளைவு. ஒவ்வொரு துண்டாகக் கையால் குறித்தாள். கண் சிவந்து நீர் வடிந்தது. அக்காதான் மருந்துக் கடைக்குப் போய்ச் சொட்டு மருந்து வாங்கிவந்து, தலையைச் சாய்க்கச் சொல்லி அவளே கண்ணில் விட்டாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அக்கா கல் நெஞ்சுக்காரி இல்லை. பொறாமை ஒரு பக்கம் இருந்தது, பாசமும் ஒரு பக்கம் இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாமல் குடியிருந்தன.

வேடிக்கை என்னவென்றால், கையால் குறித்த சின்னத்தைப் பார்த்து வாடிக்கையாளர்கள் மயங்கிவிட்டார்கள். "மிஷின் வேல மாதிரியே இல்லையே" என்றார்கள். முதலாளி அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். அக்கா காலையில் உள்ளே வரும்போதும் அதுதான், மாலையில் வெளியே போகும்போதும் அதுதான். எரிகிற கொள்ளியில் தானே எண்ணெய் ஊற்றிவிட்டாள். மாஸ்க்கை எடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் இப்படித் தைக்கலாம், சின்னவளின் மவுசு குறையும் என்றுகூட யோசித்திருக்கிறாள். அதையும் அவளேதான் சொன்னாள். ஆனால் எடுப்பதற்கும் ஒரு காரணம் எழுத வேண்டுமே.

அதற்குள் அடுத்த வெர்ஷனும் வந்துவிட்டது. இங்கே வரவில்லை. சின்னவள் யோசித்தாள்: அக்கா கண்டுபிடித்த கோளாறை அந்த மென்பொருள்காரர்கள் சரிசெய்துவிட்டார்களா, இல்லையா? அவர்களுக்கு யாராவது சொன்னார்களா? யாரும் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அவளே எழுதிப் போட்டாள். எங்கள் கூடத்தில் என் ஓரகத்தி இந்தக் கோளாறைக் கண்டுபிடித்திருக்கிறார் என்று, அக்காவின் பெயரோடு, பெருமையாக.

பதில் ஒரு தேநீர் வேளையில் வந்தது. சின்னவள் எல்லாருக்கும் கேட்கும்படி படித்தாள். எவ்வளவோ முயன்றும் அந்தக் கோளாறு எங்களுக்கு வரவில்லை, சோதித்தவர் ஏதோ தவறு செய்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"நான் விடல அக்கா. எங்க அக்கா சோதிக்காம ஒரு வரி எழுத மாட்டாங்கன்னு திருப்பிக் குடுத்துட்டேன். தைச்ச துணியோட போட்டோ கேக்கறாங்க. இருக்கா?"

"அது... தூக்கிப் போட்டாச்சு."

"பரவால்ல, இன்னொரு தடவ தைச்சுக் காட்டுங்க. வாயடைச்சுப் போகட்டும்."

நாங்கள் எல்லாரும் டம்ளரோடு சின்ன இயந்திரத்தைச் சுற்றி நின்றுவிட்டோம். அக்கா உட்கார்ந்தாள். ஊசியை முறிக்க எத்தனையோ வழி உண்டு. நூல் இழுவையை ஒரு திருகு அதிகமாகத் திருகினால் போதும். அவள் விரல் அந்தத் திருகின் மேல் போய் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். சின்னவள் பக்கத்தில் செல்போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவள் கண்ணோரம் இன்னும் லேசாகச் சிவந்திருந்தது. அக்கா விரலை எடுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

சிறகு வந்தது. அத்தனை அழகாக வந்தது.

சின்னவள் துணியைக் கையில் எடுத்துத் தடவினாள். திருப்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் வந்துச்சா அக்கா?"

"ஆமா."

மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் இடத்துக்கு நகர்ந்தார்கள். நான் நகரவில்லை. என் இயந்திரம் அங்கேதான் இருக்கிறது, வேறு எங்கே போவேன்?

"கண்ணுக்கு மருந்து விட்டீங்களே" என்றாள் சின்னவள். "அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் அக்கா?"

"உங்க மாமா தினமும் அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நிக்கறாரு. நான்தான் இஸ்திரி போடறேன்." அக்கா அழவில்லை. கடையில் பொருள் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "எல்லாரும் உன்னயே சொல்றாங்க. தாங்க முடியல. அவ்வளவுதான்."

சின்னவள் கத்தவில்லை, வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை. தன் இடத்துக்குப் போய் அந்த மென்பொருள்காரர்களுக்கு எழுதினாள்: தவறு எங்களுடையது, மன்னிக்கவும். எங்களுடையது என்றுதான் எழுதினாள். அக்கா மாஸ்க்கை எடுத்தாள். எடுத்த காரணம் என்ற இடத்தில் "கோளாறு மென்பொருளில் இல்லை" என்று எழுதினாள். அதுவரை அவள் எழுதிய வரிகளிலேயே அதுதான் உத்தமமான வரி என்பேன்.

சமையலறையில் பேச்சு நிற்கவில்லை. கூடத்துக்கும் ஒன்றாகத்தான் வந்தார்கள், ஒன்றாகத்தான் போனார்கள். எல்லாம் ஆறிவிட்டது என்றே நினைத்தேன்.

மழைக்காலத்தில் நூல் நிறங்களைக் கணக்கிடும் நிரலுக்குப் புது வெர்ஷன் வந்தது. அக்கா சோதித்தாள். இந்தத் தடவை நிஜமாகவே கோளாறு, சிவப்பு கேட்டால் பழுப்பு வந்தது. என் இயந்திரத்தில்தான் தைத்தாள், என் கண்ணால் பார்த்தேன். அந்த ஒரு வெர்ஷனை மட்டும் மாஸ்க் போட்டு, காரணத்தையும் எழுதிவிட்டு, "இது வேண்டாம்மா" என்று சின்னவளிடம் சொன்னாள்.

சின்னவள் முகத்தில் கோபம் இல்லை. மரியாதையாக எழுந்து நின்றுதான் சொன்னாள்.

"சரிக்கா. எதுக்கும் நானும் ஒரு தடவ தைச்சுப் பாத்துக்கறேன்."

அக்கா எழுந்து தன் நாற்காலியை நகர்த்தி அவளுக்கு வழிவிட்டாள்.