மீரான் நானா தள்ளி வைத்த கராம்பு

மாத்தளையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய பேத்தி, பையைக்கூடக் கீழே வைக்காமல், "அம்மாயி, மீரான் நானா மவுத்தாகிட்டாராம். அஸர் தொழுகைக்குப் பொறகு எடுக்கிறாங்களாம்" என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்துவிட்டிருந்தார்கள். அவருடைய மிளகுக் கடை பூட்டியிருந்தது. வாசலில் காயப்போட்ட மிளகை அள்ள யாருக்கும் மனம் வரவில்லை.

அவரிடம் மிளகும் கராம்பும் விற்ற எல்லாருக்கும் அவரைத் தெரியும். வாலிபத்தில் அரபு நாடுகளுக்குப் போகும் எண்ணெய்க் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். குவைத்துக்குள் ஈராக் பட்டாளம் புகுந்ததாக ரேடியோ சொன்ன அன்று, பிள்ளைகளை அங்கே வீட்டு வேலைக்கு அனுப்பிய நாங்கள் எல்லாரும் அவர் கடைக்குத்தான் ஓடினோம். என் மகள் ஸ்டெல்லா குவைத்தில் இருந்தாள். அவர் மகன் ரியாஸ் துபாயில் என்று அன்றைக்குச் சொன்னார்.

நானா சாக்கில் மிளகைப் பரப்பினார். நடுவில் விரலால் வழித்துக் கடல் ஆக்கினார். மேலே ஒரு சாதிக்காயை வைத்து, "இது ஈராக்கு" என்றார். கடலின் குறுகிய வாயைத் தொட்டுக் காட்டினார். "எண்ணெய்க் கப்பலெல்லாம் இந்தக் கழுத்தாலதான் வரணும். இதை நெரிச்சா நம்ம மாத்தளை பஸ்ஸும் நின்னுடும். அதுக்குத்தான் பெரிய நாடெல்லாம் அங்கயே கண்ணு வச்சிருக்கு. எண்ணெய் மட்டும் இல்லேன்னா அந்த மணலை எவன் திரும்பிப் பாப்பான்?"

"அந்த எண்ணெயில நம்ம புள்ளைங்க என்னத்தக் கண்டாளுக? சட்டி கழுவுறாளுக" என்றாள் கூட வந்த பாக்கியம். "நானா, மொளகை அள்ளும்போது கடலையும் சேத்து வித்துறாதீங்க!" அழுதுகொண்டே சிரித்தோம்.

"என் மக எங்க நானா?" என்று கேட்டேன். ஒரு கராம்பை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சாதிக்காய்க்கு வெகு தூரத்தில், அந்தக் கழுத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "சண்டை மேல. தங்கச்சி, ஒங்கட மக கீழ. போய்த் தூங்குங்க."

நானும் தூங்கினேன். வஹகோட்டைக் கோயில் அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு காத்திருந்தேன். ஸ்டெல்லா பாலைவனத்தால் லொறியில் ஜோர்தானுக்கு வந்து, அங்கிருந்து பிளேன் ஏறி, கறுத்து மெலிந்து வீடு வந்தாள். பார்க்க வந்த நானா அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மகள், லொறியில நம்மூருப் பொடியனுங்க யாரும் வந்தாங்களா?" இல்லை என்றாள். ஊர்ப் பாசத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன்.

இந்தப் பேத்தி, ஸ்டெல்லாவின் மகள், படிப்பில் கெட்டிக்காரி. ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணிய பிள்ளை. சில வருஷம் கழித்து அவள் ஒரு நாள் அட்லஸைத் திறந்து எனக்குக் குவைத்தைக் காட்டினாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் அது விளங்கியது. குவைத் ஈராக்கோடு ஒட்டிக் கிடந்தது.

நேரே கடைக்குப் போய், "ஏன் நானா அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

மிளகு புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தார். "உள்ள இடத்துல வச்சிருந்தா தூங்கியிருப்பீங்களா? எனக்கும் சேத்துத்தான், தங்கச்சி, தள்ளி வச்சேன். ரியாஸ் துபாய்ல இல்ல. அவனும் குவைத்துலதான் இருந்தான். ஜோர்தானுக்குப் போற லொறி ஒண்ணுல ஏறினான்னு ஒருத்தன் சொன்னான். அதுக்குப் பொறகு ஒரு சேதியும் இல்ல. அவனும் அங்கதான்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, என்ட மூஞ்சியைப் பாத்தே நீங்கெல்லாம் ஒடஞ்சு போயிருப்பீங்க."

அவர் மறுபடி சுளகை எடுத்துக்கொண்டார்.

இப்போது அந்தப் பக்கம் திரும்பவும் சண்டை என்கிறார்கள். நானாவை அடக்கம் செய்த மறுநாள் பாக்கியம் ஓடி வந்தாள். அவள் பேத்தி குவைத்தில் இருக்கிறாள். "நானாவும் இல்லையே அக்கா, நான் யாருகிட்ட கேப்பேன்?" என்று அழுதாள்.

சுளகில் மிளகைப் பரப்பினேன். கடலை வழித்தேன். சாதிக்காயை மேலே வைத்தேன். கராம்பை எடுத்ததும் என் பேத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

நானா வைத்த இடத்திலேயே வைத்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இடம்தான்.