ஆயுத பூஜைக்கு அணைத்த உலை

நூம்பல் கிராமத்து வேம்புலிக்கு இந்த உலகத்தில் ஆகாத ஆள் ஒருத்தன் உண்டென்றால், அது சூப்பர்வைசர் கங்காதரன்தான். சட்டைப்பையில் நாலு பேனா, உலைக்குப் பத்தடி தள்ளி நின்றே மூக்கைப் பொத்திக்கொள்ளும் துரை. குறைகுடம் கூத்தாடும் என்பது இவனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்ய? அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் ஒன்பது வருஷமாகத் தினக்கூலியாக இருந்த வேம்புலிக்கு எண்பத்தெட்டாம் வருஷத் தீபாவளிக்குள் பர்மனென்ட் என்றார்கள். அதற்குச் சிபாரிசு எழுத வேண்டியவன் இந்தக் கங்காதரன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இருநூறு உளிகளைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்திருந்தான் வேம்புலி. முக்கியதோடு விட்டால் இரும்பு கடினமாகத்தான் இருக்கும், தட்டினால் பொட்டென்று உடையும். அன்றைக்கே மறுபடி இளஞ்சூடு காட்டி, தேய்த்த உளிமுனை பழுப்பேறும்போது எடுத்தால்தான் அடி தாங்கும். அதற்குள் கங்காதரன் உலையை அணைக்கச் சொல்லிவிட்டான்.

"சார், ராவு தாண்டுனா வெடிச்சிப் பூடும் சார்."

"கடினம் பாக்குற மெஷின் அறுபத்திரெண்டு காட்டுது. உனக்குத் தெரிஞ்சது மெஷினுக்குத் தெரியாதா? நாளைக்கு முதலாளி வராரு. உலை ஆறினாத்தான் சந்தனம் பூச முடியும்."

உலைக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை தின்று இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் முப்பது உளிகளில் மயிரிழை வெடிப்பு. அவற்றை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியை இளஞ்சூடு காட்டாமலே வாங்கினவர்களுக்கு அனுப்பினான் அந்த மேதாவி. ஒரு வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தன. எங்கோ ஒரு தொழிலாளியின் கன்னத்தைச் சில்லு கிழித்துவிட்டதாம்.

முதலாளி கத்தித் தீர்த்ததும், கங்காதரன் வேம்புலியைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டு இரண்டு காகிதங்களை நீட்டினான். ஒன்று பர்மனென்ட் மனு. மற்றது, 'இளஞ்சூடு காட்ட மறந்தது நான்தான், மன்னிக்கவும்.'

"முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். ரெண்டுலயும் கையெழுத்துப் போடு. இல்லேன்னா ரெண்டும் கிடையாது."

முகத்தில் காறித் துப்பலாம் போலிருந்தது வேம்புலிக்கு. ஆனால் புருஷன் பர்மனென்ட் ஆகப்போகிறான் என்று பெண்டாட்டி நாகவல்லி தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அந்த நாலு பேனாவில் ஒன்றை வாங்கி இரண்டிலும் போட்டான்.

அன்று நாகவல்லி கேசரி கிண்டினாள். "உன் பேனாக்காரன் இன்னா சொன்னான்?" என்று சிரித்தாள். ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டது கங்காதரனைத் திட்டும் பேச்சுதான்.

வேம்புலி தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவரு நல்ல மனுசன்தான். உட்ரு" என்றான்.