எட்டு வாரம் நான் எழுதிய நல்ல ரிப்போர்ட்

அறுபதுகளில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். அங்கே எட்டு வாரம் தொடர்ந்து, சோதனையில் ஒரு பிசகும் இல்லாமல், தப்பான ரிப்போர்ட் எழுதிய பெருமை எனக்கு உண்டு.

நோயாளி பெயர் ருக்மணி. அன்னூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், இருபத்தாறு வயது. கன்னத்தில் சிவந்த தடிப்பு, மூட்டுவலி. ரத்தத்தில் அதற்கு அடையாளமான எல்.ஈ. செல் தெரிந்ததும், உடம்பு தன்னையே தாக்கும் லூபஸ் நோய் என்று முடிவானது. சிறுநீரகத்தையும் அது பிடித்திருந்தது. பிரட்னிசலோன் மாத்திரை கொடுத்தார்கள். உடம்பில் மருந்து எவ்வளவு நிற்கிறது என்று அளந்து பார்க்கும் வசதியெல்லாம் எங்களுக்கு ஏது? சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போனால் மாத்திரையைக் கூட்டுவார்கள், நின்றால் குறைப்பார்கள். ஆக, அவளுடைய மருந்தை நிர்ணயித்தது என் டெஸ்ட் டியூப்தான்.

முதல் மாதம் ஆல்புமின் குறையவே இல்லை. ருக்மணியின் கணவர் ரங்கசாமி மேல் டாக்டர் பாய்ந்தார். "இத்தனை மாத்திரை குடுத்தும் போகுதுன்னா, நீ என்னய்யா பாத்துக்கறே?"

"தப்புத்தானுங்க" என்றார் ரங்கசாமி.

பஸ்ஸில் வந்துபோக ருக்மணியால் முடியவில்லை என்று, அடுத்த வாரத்திலிருந்து அவரே சிறுநீர் பாட்டிலைக் கொண்டுவந்தார். ஆல்புமின் இருந்தால் சூட்டில் வெளுக்கும். சூடாக்கினேன், தெளிவாக இருந்தது. அசிட்டிக் ஆசிட் விட்டேன், அப்போதும் தெளிவு. 'ஆல்புமின் இல்லை' என்று எழுதினேன். டாக்டர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்து இரண்டு தடவை சிரிக்கக்கூடச் செய்தார்.

இப்படி எட்டு வாரம் போய், ஒன்பதாவது வாரம் ருக்மணியே வந்தாள். பாதம் வீங்கிச் செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு வந்திருந்தாள். "ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு?" என்றார் டாக்டர். எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கேயே ஒரு பாட்டிலைக் கொடுத்துப் பிடித்துவரச் சொன்னேன். சூடு பட்டதும் டியூபின் மேல்பாதி திரிந்த பாலாக வெளுத்தது.

"டியூபைக் கழுவினியாம்மா?" என்றார் டாக்டர். வேறு டியூப் எடுத்துச் செய்தேன், அதேதான். சிறுநீரகம் கழிக்க வேண்டிய யூரியாவும் ரத்தத்தில் ஏறியிருந்தது.

கூட வந்திருந்த ரங்கசாமியைக் கூப்பிட்டு, "இத்தனை வாரம் கொண்டுவந்தது யாருடையது?" என்று கேட்டேன்.

"என்னோடதுங்க அம்மணி. அன்னைக்கு டாக்டருங்க அத்தன வருத்தப்பட்டாங்க. மறுக்காவும் கெட்டதையே கொண்டாந்து அவுங்க மனச நோவடிக்கறதுங்களா? அதான் நல்லதாப் பாத்து ஊத்திக் கொண்டாந்துபோட்டனுங்க."

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் ரங்கசாமி மேல் இல்லை. எட்டு வாரமாக ஒரு திடமான குடியானவருக்கு நற்சான்று எழுதி, அவர் மனைவியின் மாத்திரையைப் பிடுங்கியிருக்கிறேன். இந்தப் பெண் செத்திருந்தால்?

மாத்திரையைப் பழைய அளவுக்கு ஏற்றினார்கள். ருக்மணி பிழைத்தாள். சிறுநீரகம் முழுசாகத் தேறவில்லை. இப்போது லேபில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பாட்டில் யாருடையது என்று வாய்விட்டுக் கேளுங்கள். அன்று கேட்க எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு விலை கொடுத்தவள் அவள்.

மாத்திரையை ஏற்றிய மறுவாரம் ரங்கசாமி நிஜமான பாட்டிலோடு லேப் வாசலில் தயங்கி நின்றார்.

"இதுல நெறயப் போகுமுங்க அம்மணி. டாக்டருங்க சங்கடப்படுவாங்களேன்னுதான்…"

பின்னால் வந்த டாக்டர் பாட்டிலைத் தன் கையாலேயே வாங்கி என்னிடம் நீட்டினார்.

"சங்கடந்தானே, படறேன். நீ நெஜத்தையே கொண்டாய்யா."